லேஞ்சியில் முடிந்த செவ்வாய்க்கிழமை

உருகிய மெழுகின் நெடியோடு பஸ் புகை கலந்தால் என்ன வாசனை வரும் என்று கண்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நகரத்தின் நடுவே இருக்கும் அந்தப் பழைய பேராலயத்தின் முற்றத்தில், மெழுகுதிரி ஏற்றும் இரும்புத் தட்டுகளின் முன்னால் போய் நின்றால், முகத்தில் திரிகளின் சூடு அடிக்கும், முதுகுக்குப் பின்னால் கட்டுகஸ்தொட்டை பஸ் ஒன்று உறுமிக்கொண்டே கரும்புகையைக் கக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நான் கைகூப்பப் பழகினேன். இன்றைக்கும் அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. நேரமாகிவிட்டது, ஓடு, கதவை அடைத்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் யாரோ என்னை விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் அமைதி தேடிப் போகும் இடத்தில் எனக்கு மட்டும் ஏன் இந்தப் பதைப்பு என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத கதை என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு மஹய்யாவயில், நகரம் கூட்டுகிறவர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே. அப்பாவுக்கு மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை. ஊரில் எங்கே குழாய் வெடித்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அம்மா வீட்டில் இருந்து தைப்பாள். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர், சாந்தி அக்கா "பெரியவ", நான் "சின்னவ". நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் அம்மாவின் வாரம் ஒரு சாமிக்குள் அடங்குகிற வாரமாக இருக்கவில்லை. திங்கட்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார், வெள்ளிக்கிழமை முருகன், செவ்வாய்க்கிழமை இந்தப் பேராலயம். "உங்கம்மா வூட்ல இருக்கிற அன்னைக்குத்தான் எல்லாச் சாமிக்கும் லீவு" என்று அப்பா சிரிப்பார். அம்மா அதைக் காதில் வாங்கியதே இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அந்தோனியாருக்கு நவநாள் செபம். கத்தோலிக்கர்கள் மட்டுமா வருவார்கள்? சிங்களவர், தமிழர், வேட்டியோடு ஒருவர், முக்காட்டோடு ஒருவர், கடை திறப்பதற்கு முன் ஓடிவந்து திரி ஏற்றிவிட்டு ஓடுகிறவர் என்று சனம் பிதுங்கும். எங்கள் வீட்டில் அதற்கு "செவ்வாக்கெழம நடை" என்று பெயர். இறக்கத்தில் விறுவிறு என்று இறங்கி, அந்தப் பெரிய கதவுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றுவோம். மற்றவர்கள் சப்பாத்தோடேயே உள்ளே போவார்கள். எங்களைப் போன்றவர்களின் செருப்புகள் மட்டும் சுவரோரமாக ஒரு வரிசையில் கிடக்கும். உள்ளே கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும், நிறக் கண்ணாடிகளின் வெளிச்சம் தூண்களின் மேல் சிவப்பும் நீலமுமாக விழுந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் எனக்குக் கழுத்துதான் வலித்தது, பக்தி வரவில்லை. அம்மா கூரையையும் கண்ணாடியையும் பார்க்கமாட்டாள். நேராகப் பின்பக்கத்துச் சுரூபத்திடம் போவாள். கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கும் அந்தோனியார் அவளுக்கு "கைப்புள்ள சாமி". "புள்ளைய எறக்கி வைக்காமத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு பாரு, அவருக்குத் தெரியும்டி புள்ளையோட அரும" என்பாள். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. முன்னால் பூசை நடந்துகொண்டிருக்கும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் சம்பந்தம் இருந்தது. திருநாள் அன்றைக்கு அந்தோனியார் பெயரால் மந்திரித்த பணிஸ், அதாவது சின்ன பன் ரொட்டி, கொடுப்பார்கள். வந்தவர் யார், எந்தச் சமயம் என்று கேட்காமல் எல்லோர் கையிலும் ஒன்று. அம்மா அதை அங்கே கடிக்கவே மாட்டாள். கோயிலில் கொடுத்ததை வழியில் தின்பாளா? லேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, நாலு பங்காகப் பிய்த்துக் கொடுப்பாள். கைக்குட்டையைத்தான் நாங்கள் லேஞ்சி என்போம். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லேஞ்சி அது. கோயிலில் கையில் விழுவது வீட்டுக்கு வரவேண்டும், வர முடியாமல் கிடக்கிறவருக்கு அது முதலில் போகவேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான், அதில் தவறு இருப்பதாக அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை.

அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்தது. பூச்சட்டியிலும் பழைய டயரிலும் தண்ணீர் தேங்கி, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொருவர் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்னப் பிள்ளை என்றால் தாயைக் கூட இருக்க விட்டிருப்பார்கள், அக்கா வளர்ந்துவிட்டதால் பெரியவர்களின் வாட்டில் போட்டு அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுவார்கள், ஒரு மணிக்கு மணியடித்து விரட்டுவார்கள். மற்ற நேரமெல்லாம் அம்மா வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். தையல் மெஷினில் உட்காருவாள், நூலைக் கோர்க்காமலே எழும்புவாள். "பிளேட்லட் எறங்குதாம்" என்று ஒவ்வொரு நாளும் யாரிடமாவது சொல்வாள். பிளேட்லட் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறங்குகிறது என்பது மட்டும் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா என்னைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. பேராலயத்துக்குப் போய்விட்டு அப்படியே ஆஸ்பத்திரி என்று திட்டம். நாங்கள் போனபோது பகல் பூசை முடியும் கட்டத்தில் இருந்தது. அம்மா சுரூபத்தின் காலைத் தொட்டாள், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. சனங்கள் வாங்குகளை விட்டு எழும்பி வரிசையாக முன்னால் போவதையும், பாதர் ஒவ்வொருவருக்கும் எதையோ கொடுப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தனை வருடமும் அவள் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. "வாடி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

தீர்த்தம் வாங்குவதுபோல இடது கைக்கு மேல் வலது கையை வைத்து நீட்டிக்கொண்டு அம்மா நின்றாள். பாதர் வயதானவர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? அவர் என்னவோ சொன்னார். அதற்கு ஆமென் என்று சொல்லவேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? "சரிங்க சாமி" என்றாள் அம்மா. அவர் கை ஒரு கணம் நின்றது, பின்னால் வரிசை நெருக்கியது, மெல்லிய வெள்ளை அப்பம் அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றினாள், லேஞ்சியில் வைத்து முடிந்தாள், கைக்குள் பொத்திக்கொண்டாள். செருப்பைக் காலில் கொளுவியும் கொளுவாமலும் தெருவில் இறங்கினாள்.

நாங்கள் கொஞ்ச தூரம் போயிருப்போம், "நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று ஒரு குரல் பின்னால் கேட்டது. திரும்பினால், பருத்த உடம்பு, முக்காடு போட்டதுபோலத் தலையில் வெள்ளை லேஸ், கையில் குடை, வாகனங்களுக்கு நடுவே ஒரு பெண்மணி ஓடிவந்துகொண்டிருந்தார். முன் வாங்கில் எப்போதும் இருப்பவர், முகம் எனக்கும் தெரியும். பெயர் றோஸ்மலர் என்பதும், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியில் தங்கிவிட்டவர் என்பதும், பின்னாளில் நாங்கள் அவரை றோஸ் அன்ரி என்று கூப்பிடப்போகிறோம் என்பதும் அப்போது தெரியாது.

"அதைக் கொண்டு போகக் கூடாது!" என்றார், மூச்சு வாங்க.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நா எதையும் திருடலைங்க. சாமியாரு குடுத்ததுதாங்க."

"திருடினது எண்டு ஆர் சொன்னது? அது நற்கருணை. அங்கேயே வாயில போட்டிருக்க வேணும். எங்க அது? கையுக்கையோ வைச்சிருக்கிறியள்? ஐயோ ஆண்டவரே!"

"எங்க பெரியவளுக்குங்க. டெங்கு. ஆஸ்பத்திரில கெடக்குறா."

"நீங்கள் வேதமோ?"

"இல்லைங்க, நாங்க இந்துங்க."

"அப்ப ஏன் வரிசையில வந்தனீங்கள்?"

"எல்லாரும்தானே வந்தாங்க" என்றாள் அம்மா. அதைவிட நல்ல காரணம் அவளிடம் இருக்கவில்லை. எனக்கும் அது போதுமான காரணமாகத்தான் தெரிந்தது.

"எவடம் நீங்கள்?" என்று அவர் கேட்க, "மஹய்யாவ" என்றாள் அம்மா. அந்தப் பெயரைச் சொன்னால் நகரத்தில் சிலர் முகத்தில் வரும் மாற்றத்தை நாங்கள் நன்றாக அறிவோம். அந்த முகத்தில் அது வருகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன், வரவில்லை. அவருடைய கண் அம்மாவின் பொத்திய கையை விட்டு விலகவே இல்லை. "என்னட்டைத் தாங்கோ" என்று இரண்டு கையையும் ஏந்தினார். "மாட்டேங்க" என்று அம்மா கையை நெஞ்சோடு அணைத்தாள்.

கண்டித் தெருவில் இரண்டு பெண்கள் நின்று வாதாடினால் கூட்டம் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், "அக்குறண, மாத்தளே, மாத்தளே" என்று கொண்டக்டர் கத்திக்கொண்டே எங்களை எட்டிப் பார்க்கிறான், ஒருவர் "களவா?" என்று கேட்கிறார். பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் முதலாளி வெளியே வந்தார், ஊருக்கே அவர் நானா. அக்குறணையிலிருந்து தினம் வந்து கடை திறப்பவர், அம்மா தையலுக்குத் துணி எடுப்பது அவரிடம்தான்.

"என்ன தங்கச்சி இது, ரோட்டுல நின்டுக்கிட்டு? உள்ளுக்கு வாங்க. கதிரையில இருந்து கதைங்க. என்ன சாமான் அது?" என்று அம்மாவின் கையைப் பார்த்துக் கேட்டார்.

றோஸ் அன்ரி சுற்றிலும் பார்த்தார். நடுத்தெருவில், ஹோர்ன் சத்தத்தில், அதை எப்படிச் சொல்வது? குரலைத் தாழ்த்தி, "எங்கட ஆண்டவர்" என்றார்.

நானா ஓர் அடி பின்வாங்கினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "யா அல்லாஹ். அப்ப இதில நிக்க வேணாம், நான் தொடவும் மாட்டேன்" என்றவர், அம்மா ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது, கதவை அடைத்துவிடுவார்கள் என்று சொல்லி அழத் தொடங்கியதும், வேறொன்றும் பேசாமல் ஒரு முச்சக்கரவண்டியை மறித்தார். "மூணு பேரும் ஏறுங்க. அங்க போய் முடிவெடுங்க."

வண்டி ஊர்ந்தது. சந்தைக்குப் பக்கத்தில் நெரிசல், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நெரிசல், புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றது. அம்மா தலையை நீட்டி நீட்டி வெளியே பார்த்தாள். றோஸ் அன்ரி கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. அவருடைய கை, அம்மாவின் பொத்திய கைக்கு மேலே பொத்தியபடி இருந்தது. பறிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அம்மாவும் தட்டிவிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடியே ஆஸ்பத்திரி வரை போனேன். அன்ரியை இறங்கிப் போய்விடுங்கள் என்று சொல்ல அம்மாவுக்குத் தைரியம் இல்லை. அம்மாவை அப்படியே போக விட அன்ரிக்கு மனம் இல்லை.

வாட்டுப் படிக்கட்டில் சனம் முட்டி மோதியது. சோற்றுப் பார்சலும் தெம்பிலி இளநீர்க் காயுமாக எல்லோரும் ஏறுகிறார்கள். அந்த நெருக்கலில் அம்மாவின் கை யாருடைய முழங்கையிலோ, எந்தச் சுவரிலோ இடித்திருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவள் முடிச்சை அவிழ்த்தபோது அப்பம் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. அக்கா வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. "இந்தாடி, வாயத் தொற" என்று அம்மா குனிந்தாள். லேஞ்சி சரிந்தது. ஒரு துண்டு தரையில் விழுந்தது.

அன்ரி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழும்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பு தரையில் முழந்தாளிட்டது. யாரும் மிதித்துவிடாதபடி இரண்டு கையையும் விரித்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். ஆயிரம் பேர் மிதித்த ஈரத் தரை, லைசோல் மணக்கும் தரை. தாதி வந்து சிங்களத்தில் அதட்டினார். அன்ரி தலை நிமிரவில்லை. விரல் நுனியை நாக்கில் நனைத்து, அந்தத் துண்டையும் அதன் தூளையும் தொட்டுத் தொட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு அழுதார். கோபத்தில் அழுததாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளை கீழே விழுந்தால் தாய் அழுவாளே, அப்படி அழுதார்.

தான் கொண்டுவந்தது பணிஸ் மாதிரி ஒரு பொருளில்லை என்று அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. தெருவில் அவர் எவ்வளவு சொன்னபோதும் புரியாதது, அந்தத் தரையில் அவர் கிடந்த கிடையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அக்காவின் வாயருகே போன கை திரும்பி வந்தது. லேஞ்சியை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, அன்ரியிடம் நீட்டினாள். "இந்தாங்க. தெரியாமச் செஞ்சுட்டேங்க. நீங்களே வச்சுக்கங்க."

அன்ரி மிச்சத் துண்டுகளையும் உட்கொண்டார். லேஞ்சியை உள்ளங்கையில் உதறி, உள்ளங்கையையும் நக்கினார். பிறகு எழும்பி அக்காவின் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் வேண்டினார். அவர் கையை எடுத்ததும் அக்கா கண்ணைத் திறந்து, "எனக்கு என்னம்மா கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி" என்றாள் அம்மா. வெறும் லேஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்ன அந்த ஒரு சொல் இன்றுவரை என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குள் மணியடித்து எங்களை விரட்டிவிட்டார்கள்.

அக்கா பிழைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் பிளேட்லட் ஏறத் தொடங்கியது, சிடுசிடுப்பும் ஏறியது, வீட்டுக்கு வந்துவிட்டாள். சேலைன் காப்பாற்றியது என்றார் அப்பா. ஆண்டவர் காப்பாற்றினார் என்றார் அன்ரி. அம்மா யாரோடும் வாதிடவில்லை, ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை செருப்பைப் போடாமல் வாசலில் இறங்கினாள். இனி எல்லாச் செவ்வாயும் வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டாளாம். எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு மன்னிப்புக் கேக்கணும்டி. சாமிய லேஞ்சில கட்டித் தூக்கிட்டுப் போனதுக்கு ஒண்ணு. புள்ள வாய்க்கிட்ட போனதத் தூக்கிக் குடுத்ததுக்கு ஒண்ணு" என்றாள். முதலாவதற்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக, பாதரிடம் கேட்டுக்கொண்டு, அன்ரியே வீடு தேடி வந்து சொன்னார். இரண்டாவதற்கு யாரிடம் கேட்பது? அக்கா பாடசாலைச் சோதனையில் தவறினாலும், கலியாணம் தள்ளிப்போனாலும், தலைப்பிரசவத்தில் கஷ்டப்பட்டாலும், "அன்னைக்குக் குடுக்காம விட்டேன்ல" என்று அம்மா முணுமுணுப்பாள். தார் கொதிக்கும் வெயிலிலும் மழையிலும், கால் வெடித்து இரத்தம் கசிந்தாலும், அந்த நடையை அவள் ஒரு செவ்வாய் விட்டதில்லை. கூடப் போன நான்தான் ஒவ்வொரு வாரமும் முன்னால் இருக்கும் வாங்குகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசை முன்னால் நகரத் தொடங்கினால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன், எழும்பிவிடுவாளோ என்று. அவள் ஒருநாளும் எழும்பவில்லை.

இப்போது அப்பா இல்லை. றோஸ் அன்ரி மகனோடு வெளிநாடு போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். புடவைக்கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள், நானாவின் மகன்மார் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, பேராலயத்துக்குள் நினைத்தபடி ஓடிப்போய் ஒரு திரி ஏற்றிவிட்டு ஓடிவர முடியாது, வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். சுவரோரச் செருப்பு வரிசை சிறுத்துவிட்டது. நற்கருணையை அவ்விடத்திலேயே உட்கொள்ளவும் என்று மூன்று மொழியில் ஒரு பலகை முன்னால் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இது எங்கள் அம்மாவுக்காகவே எழுதி வைத்தது என்று எனக்குச் சிரிப்பு வரும். அம்மா மட்டும் மாறவில்லை, முழங்கால்தான் மாறிவிட்டது. தேய்ந்துபோன மூட்டு, வெறுங்காலோடு ஓர் எட்டு வைக்கக் கூடாது, மெத்தென்ற செருப்பில்லாமல் நடந்தால் படுக்கைதான் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, வந்த செவ்வாயே வெறுங்காலோடு கிளம்பினாள்.

நான் கத்திப் பார்த்தேன், முடியவில்லை. குண்டசாலையிலிருந்து அக்காவை வரவழைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய சூட்டோடே அவள் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும்மா இந்த நடை? எனக்குத்தானே? நா குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறேன்ல?"

"நிக்கிற. இருந்தாலும் ஒன் வாய்க்கிட்ட கொண்டாந்தத நா தூக்கிக் குடுத்தேன்ல."

அக்கா பையைக் கதிரையில் போட்டாள். "எல்லாத்தையுமா குடுத்தீங்க? பெட்சீட் மடிப்புல ஒரு துணுக்குக் கெடந்துச்சும்மா. மணியடிச்சு ஒங்கள வெரட்டுனப்பறந்தான் பாத்தேன். நா தின்னுட்டேன்."

"என்னடி சொல்ற?" என்று கேட்டது நான்தான்.

"வாய்க்கு ஒண்ணுமே புடிக்காமத்தான் கெடந்தேன். ஆனா லேஞ்சிய நீட்டுனப்ப அம்மா மொகத்தப் பாத்தேன்ல. எனக்குன்னுதானே கொண்டாந்தாங்கன்னு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அன்ரி தரையில உழுந்து அந்தப் பாடு பட்டாங்க, அப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? சொல்லாமலே போயிருச்சு."

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அக்காவைக் கொல்லைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "நெசமாவா? இல்ல, அவங்க நடக்கிறத நிப்பாட்ட அவுத்து விட்டியா?" என்று கேட்டேன். அவள் கெட்டிக்காரி, செய்யக்கூடியவள்தான். "போடி லூசு" என்றாள். "ஒரு ருசியும் இல்ல. அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நாக்கால சொரண்டிச் சொரண்டித்தான் எடுத்தேன்." என்னோடு வேலை செய்யும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம் அடுத்த நாள் சும்மா கேட்பதுபோல, அது வாயில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா காலையிலேயே குளித்துச் சேலை மாற்றி நின்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. புதிதாக வாங்கிய மெத்தென்ற செருப்பை வாசலில் எடுத்து வைத்தேன், முச்சக்கரவண்டிக்கும் சொல்லிவைத்தேன். அம்மா செருப்பைத் தாண்டி வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.

"அம்மா! அதான் அக்கா சொல்லிட்டாள்ல?"

"சொன்னா. அதுக்குத்தான் போறேன்" என்றாள். நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பிரகாசமான அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இத்தன வருசமா மன்னிப்புத்தானடி கேட்டுக்கிட்டு இருந்தேன்? ஒருநாள் நன்றி சொல்லியிருக்கேனா?"

நான் செருப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் காவல்காரர் பையைத் திறக்கச் சொன்னார், அதற்குள் செருப்பைத் தவிர ஒன்றுமில்லாததைக் கண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா அதற்குள் உள்ளே போய்விட்டாள். கைப்பிள்ளைச் சாமியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முன்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, வெளியே பஸ் உறுமியது, எனக்கு வழக்கம்போலக் கால் நிலைகொள்ளவில்லை. கிட்டே போய்க் காதுக்குள், "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"இருடி" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னைக்குத்தானே தொடங்கியிருக்கேன்."